அசீரிய அரண்மனைச் சிற்பங்களில் மலை, ஆறு, மரம்: புதிதாகப் படிக்கத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

இன்றைய வட இராக்கை மையமாகக் கொண்டு ஆண்ட அசீரிய மன்னர்களின் அரண்மனைச் சுவர்களை மூடியிருந்த புடைப்புச் சிற்பங்களைப் பற்றிக் கருத்தரங்கக் கட்டுரை ஒன்று எழுத ஓராண்டு உழைத்தேன். அதில் பாதிக்கு மேல் வீணாயிற்று. லண்டன் அருங்காட்சியகத்தில் அரசன், வீரர், தேர், கைதி என்று மனித உருவங்களை மட்டுமே பார்த்துக் குறிப்பெடுத்தேன். அவர்களுக்குப் பின்னால் செதுக்கியிருந்த மலையையும் நீரையும் மரங்களையும் இடத்தை நிரப்பும் வேலைப்பாடு என்று எண்ணி விட்டுவிட்டேன். ஊர் திரும்பி எழுத உட்கார்ந்தபோதுதான், எந்த நாட்டில், எவ்வளவு கடினமான நிலத்தைக் கடந்து, எதை அழித்து, எதை வீட்டுக்குக் கொண்டுவந்தான் என்பதை அரசன் சொல்வதே அந்த நிலத்தின் வழியாகத்தான் என்பது விளங்கியது. அதற்குள் நான் எடுத்த படங்களில் பெரும்பாலானவற்றில் நிலம் வெட்டுப்பட்டிருந்தது. மறுபடி ஒரு பயணமும் மறுபடி ஒரு விசாவும் தேவைப்பட்டன. நீங்கள் ஒரே பயணத்தில் முடித்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

1. ஓர் அரசனையும் ஒரு கேள்வியையும் தேர்ந்தெடுங்கள்

கி.மு. 9ஆம் நூற்றாண்டு முதல் 7ஆம் நூற்றாண்டு வரையிலான சிற்பங்களே இங்கு நம் பொருள். முதலில் மனத்தில் நிறுத்த வேண்டிய அரசர்கள் ஐவர்: நிம்ருதில் அரண்மனை கட்டிய இரண்டாம் அஷுர்நாசிர்பால் (கி.மு. 883–859), பலவாத் என்னும் இடத்தில் கிடைத்த, வெண்கலப் பட்டையிட்ட கதவுகளைச் செய்வித்த மூன்றாம் ஷால்மனேசர் (858–824), கோர்சாபாத்தில் புதிய தலைநகரை எழுப்பிய இரண்டாம் சார்கோன் (721–705), நினிவேயில் தென்மேற்கு அரண்மனையைக் கட்டிய சனகெரிப் (704–681), அதே நகரில் வடக்கு அரண்மனையை அமைத்த அஷுர்பனிபால் (ஆட்சித் தொடக்கம் 668).

ஐவரையும் ஒரே நேரத்தில் எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் செய்த முதல் தவறு அதுதான். புதியவர்கள் சனகெரிப்பிலிருந்து தொடங்குவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. அஷுர்நாசிர்பாலின் போர்க்காட்சிகளில் கற்பலகை இரண்டு வரிசைகளாகப் பிரிந்து நடுவில் ஆப்பு வடிவ எழுத்துகள் கொண்ட பட்டை ஓடும். நிலம் ஒரு மரமாகவோ காலடியில் ஒரு மேடாகவோ வந்து போகும். சனகெரிப் காலத்தில் பல காட்சிகளில் அந்தப் பிரிவு மறைந்து, மலைச்சரிவும் தோப்பும் ஆறும் பலகையின் அடி முதல் முடி வரை பரவுகின்றன. அங்கே தொடங்கினால் கண் விரைவில் பழகும். பிறகு பின்னோக்கிச் செல்வது எளிது.

கேள்வியும் சிறியதாக இருக்கட்டும். 'அசீரியக் கலையில் இயற்கை' என்பது கேள்வியாகாது. 'வெட்டப்படும் பேரீச்சை மரங்கள் எந்தெந்தப் போர்களில் வருகின்றன?' என்பது கேள்வி.

2. வீட்டிலிருந்தே திரட்ட வேண்டிய ஆவணங்கள் (செலவு இல்லை, மூன்று வாரம் ஒதுக்குங்கள்)

ஒவ்வொரு பலகைக்கும் மூன்று செய்திகள் வேண்டும்: அருங்காட்சியக எண், அது இருந்த அரண்மனை அறை, அதே அரசனின் கல்வெட்டில் அந்த நிகழ்ச்சியைச் சொல்லும் பகுதி. இவை மூன்றும் இல்லாமல் பயணச்சீட்டு வாங்காதீர்கள்.

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் இணையத் தொகுப்பில் ஒவ்வொரு பலகைக்கும் தனிப் பக்கம் உண்டு. எண்ணைக் கொண்டு தேடுவதே பிழையில்லாத வழி. 124531 என்று தேடினால் அஷுர்நாசிர்பாலின் அரியணைக்குப் பின்னிருந்த, புனித மரம் செதுக்கிய கற்பலகை வரும்; 124911 என்றால் யூதா நாட்டின் லாகீஸ் நகருக்கு எதிரே அரியணையில் அமர்ந்த சனகெரிப்; 124920 என்றால் அஷுர்பனிபாலின் தோட்ட விருந்து; 124801 என்றால் அஷுர்பனிபால் ஏலாம் நாட்டோடு நடத்திய தில்-தூபா போர். பெயரைக் கொண்டு தேடினால் குழப்பம்தான் மிஞ்சும். ஒரே அரசனின் பெயர் நூலுக்கு நூல் வெவ்வேறு எழுத்துக்கூட்டலில் வருகிறது. தமிழில் விவிலிய வழக்கு ஒன்று, வரலாற்று நூல் வழக்கு வேறொன்று. தொடக்கத்திலேயே ஒரு பெயர்ப் பட்டியல் போட்டு, கட்டுரை முடியும்வரை அதையே பின்பற்றுங்கள்.

கல்வெட்டுகளுக்கு ஓராக் என்னும் இணையத் திட்டம் போதுமானது. அசீரிய அரச கல்வெட்டுகள் மூல ஒலிபெயர்ப்போடும் ஆங்கில மொழிபெயர்ப்போடும் அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன.

ஆவணங்களில் ஒரு பொறி உண்டு. 19ஆம் நூற்றாண்டில் நிம்ருதையும் நினிவேயையும் அகழ்ந்த லேயார்டும் அவருடன் இருந்த ஓவியர்களும் தோண்டிய இடத்திலேயே வரைந்த கோட்டோவியங்கள் பல நூல்களில் சிற்பத்துக்குப் பதிலாக அச்சாகின்றன. பல பலகைகள் பின்னர் சிதைந்துவிட்டதால் அந்த ஓவியங்கள் விலைமதிப்பற்றவை. ஆனால் வரைந்தவரின் கை உடைந்த பகுதியை நிரப்பியிருக்கலாம். நீங்கள் பார்ப்பது கல்லா, ஓவியமா என்பதை ஒவ்வொரு குறிப்பிலும் எழுதி வையுங்கள்.

3. நிலத்தின் குறிகளைக் கற்றுக்கொள்ளுங்கள்

பயணத்துக்கு முன் நீங்கள் செய்யும் வேலைகளில் மிக முக்கியமானது இது. ஒரு நோட்டுப் புத்தகத்தில் கையால் வரைந்து பழகுங்கள். கை வரைந்ததைக் கண் மறக்காது.

மீன் செதில்போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வடிவம் மலையைக் குறிக்கும். முதல்முறை பார்ப்பவர்கள் அதை ஓடு வேய்ந்த கூரை என்றோ கல் பாவிய தரை என்றோ எடுத்துக்கொள்கிறார்கள். சனகெரிப்பின் பலகைகளில் இந்தச் செதில் முழுப் பின்னணியையும் மூடுகிறது. படைவீரன் அதன்மேல் நடப்பதாகத் தெரியாவிட்டாலும், அவன் மலைநாட்டில் இருக்கிறான் என்பதே பொருள். மலை அசீரியருக்கு அயல்நாட்டின் அடையாளம். கடினமான வழியைத் திறந்தவன் என்பது அரசனின் பெருமை. சார்கோன் தன் எட்டாம் படையெடுப்பை (கி.மு. 714) அஷுர் கடவுளுக்கு ஒரு நெடுங்கடிதமாக எழுதுவித்தான். 430 வரிகள் கொண்ட அந்தக் களிமண் பலகை லூவ்ரில் இருக்கிறது. அதில் சிமிர்ரியா என்ற சிகரம் ஈட்டி முனைபோல நிமிர்ந்து நிற்பதாக ஒரு வருணனை உண்டு. அதைப் படித்துவிட்டுச் செதில் வடிவத்தைப் பாருங்கள். அது அலங்காரமாகத் தெரியாது.

நீர், நெளியும் இணைகோடுகளாலும் இடையிடையே சுருள்களாலும் காட்டப்படும். மீன், நண்டு, ஆமை ஆகியவை உள்ளே இருக்கும். ஆற்றின் இரு கரைகளிலும் மரங்கள் நிற்கும்போது, ஒரு கரையின் மரங்கள் சில இடங்களில் தலைகீழாகவோ படுத்தோ தெரியலாம். இதைச் சிற்பியின் பிழை என்று எழுதிவிடாதீர்கள். நீரோட்டத்தை மேலிருந்தும் மரத்தைப் பக்கவாட்டிலிருந்தும் ஒரே பலகையில் காட்டுவது அவர்கள் முறை.

மரங்கள் நாட்டின் பெயர்ப்பலகைபோல வேலை செய்கின்றன. பேரீச்சை வந்தால் பெரும்பாலும் தெற்கே பாபிலோனியாவையோ அதை அடுத்த ஏலாமையோ நினைக்க வேண்டும். ஊசியிலை மரங்கள் மலைநாட்டுக்கு உரியவை. அடர்ந்த நாணல் என்றால் தென் மெசொப்பொத்தேமியச் சதுப்பு. சனகெரிப்பின் பலகைகளில் அந்தத் தென்பகுதி மக்களான கல்தேயர்கள் நாணலுக்குள் படகுகளில் பதுங்கியிருப்பதைக் காணலாம். திராட்சைக் கொடியும் அத்திமரமும் செதில் நிலத்தில் சேர்ந்து நின்றால், அது லாகீஸ் இருந்த யூதாவின் மலைப்பகுதி. ஆனால் எந்தக் குறியும் தனியாக நின்று இடத்தை உறுதிசெய்யாது. ஆடை, கோட்டை வடிவம், எழுத்து ஆகியவற்றோடு சேர்த்தே முடிவுக்கு வர வேண்டும்.

இங்கே ஒரு பெரிய எச்சரிக்கை. அஷுர்நாசிர்பாலின் அரண்மனையில் எண்ணற்ற இடங்களில் வரும் பின்னல் வேலைப்பாடு கொண்ட 'புனித மரம்' மேற்சொன்ன மரங்களின் வகையைச் சேர்ந்ததன்று. அது நிலத்தில் வேரூன்றிய மரமாகக் காட்டப்படவில்லை. சிறகுடைய காவல் உருவங்கள் அதன் இருபுறமும் நின்று சடங்கு செய்கின்றன. வளம், அரசு, கடவுளின் ஒழுங்கு என்று பல விளக்கங்கள் உண்டு. இன்றுவரை ஒருமித்த முடிவு இல்லை. புதியவர்களின் கட்டுரைகளில் நான் பார்க்கும் பாதிப் பிழைகள் இந்த மரத்தை உறுதியான ஒரே பொருளோடு விளக்கப் புகுவதால் வருகின்றன. முதல் கட்டுரையில் இதைத் தொடாமல் விடுவதே உத்தமம்.

இறுதியாக, வெற்றிடமும் ஒரு குறிதான். அஷுர்பனிபாலின் சிங்க வேட்டையில் பெரும்பாலான பலகைகளில் மரமோ மலையோ இல்லை. மென்மையான வெறுங்கல்லில் சிங்கங்கள் விழுந்து கிடக்கின்றன. காரணம் எளியது: சிங்கங்கள் கூண்டிலிருந்து திறந்துவிடப்படுகின்றன, சுற்றிலும் கேடயம் ஏந்திய வீரர்கள் வேலிபோல் நிற்கிறார்கள். நிலமே அரசனின் கட்டுப்பாட்டில் ஒரு களமாக மாறிவிட்டது. ஒரே ஒரு மரம் அடர்ந்த குன்று வருகிறது. அதில் மக்கள் வேடிக்கை பார்க்க ஏறிக்கொண்டிருக்கிறார்கள்.

4. நான்கு பலகைகளை மட்டும் ஆழமாகப் படியுங்கள்

முதலாவது, பலவாத் கதவுகளில் டைக்ரிஸ் ஆற்றின் ஊற்றைக் காட்டும் வெண்கலப் பட்டை. கி.மு. 852இல் ஷால்மனேசர் அங்கே சென்றான். குகையிலிருந்து நீர் வெளிவருகிறது. பாறையில் ஒரு சிற்பி அரசனின் உருவத்தைச் செதுக்கிக்கொண்டிருக்கிறான். இன்றைய துருக்கியில் பிர்க்லின் என்னும் இடத்தில் அந்தப் பாறை உருவமும் கல்வெட்டுகளும் உண்மையிலேயே இருக்கின்றன. நிலத்தின் எல்லையில் அரசன் தன்னைப் பொறித்ததையும், அந்தப் பொறிப்பையே தன் கதவில் மீண்டும் பொறித்ததையும் ஒரே இடத்தில் காட்டும் சான்று இதைவிடத் தெளிவாக எனக்குத் தெரிந்து வேறில்லை.

இரண்டாவது, லாகீஸ் முற்றுகை (கி.மு. 701). இடப்புறமிருந்து படை வருகிறது, நடுவில் மேடு கட்டிக் கோட்டையைத் தாக்குகிறார்கள், கைதிகள் வலப்புறம் நடந்து அரசனிடம் செல்கிறார்கள். அந்த முற்றுகை மேட்டின் எச்சம் லாகீஸில் அகழ்வில் கிடைத்துள்ளதால், காட்சியை நிலத்தோடு ஒப்பிட முடிகிறது. ஆனால் ஒப்பிடும் ஆர்வத்தில் சிற்பத்தை வரைபடமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மரங்களும் கொடிகளும் செதில்மேல் ஏறக்குறைய சீரான இடைவெளியில் நிற்கின்றன. போர் நடுவே அவை நிறைந்து செழித்திருக்கின்றன. வளமான நாடு முழுதாக வசமாயிற்று என்பதே அங்கே சொல்லப்படுகிறது.

மூன்றாவது, தில்-தூபா போர், கி.மு. 653 அளவில் நடந்தது. வலக்கோடியில் ஊலாய் ஆறு மேலிருந்து கீழாக ஓடுகிறது. அருகில் நின்று பாருங்கள்: வீரர்களின் உடல்கள், குதிரைகள், விற்கள், அம்பறாத்தூணிகள் எல்லாம் நீரில் மிதக்க, அவற்றுக்கிடையே மீன்கள் தம் போக்கில் நீந்துகின்றன. எதிரியின் பிணங்களால் ஆற்றை அடைத்தேன் என்று கல்வெட்டு பெருமையாகச் சொல்வதைச் சிற்பி அந்த மீன்களோடு சேர்த்துச் செதுக்கியிருக்கிறான். நான் முதல் பயணத்தில் இந்தக் கோடியைப் படமே எடுக்கவில்லை.

நான்காவது, தோட்ட விருந்து. அளவில் சிறிய பலகை. திராட்சைக் கொடிப் பந்தலின் கீழ் அஷுர்பனிபால் சாய்ந்திருக்கிறான், அரசி எதிரே அமர்ந்திருக்கிறாள், மரங்களில் பறவைகள், பக்கத்தில் யாழ் இசைப்பவர். இடப்புறம் ஒரு மரக்கிளையில், தில்-தூபாவில் கொல்லப்பட்ட ஏலாம் மன்னன் தெஉம்மானின் தலை தொங்குகிறது. மூன்றாவது பலகையையும் நான்காவதையும் சேர்த்தே படிக்க வேண்டும். அயல்நிலத்தின் ஆறு பிணக்காடாகிறது. வீட்டுத் தோட்டம் செழிக்கிறது. இரண்டையும் அந்தத் தலை இணைக்கிறது. நான் ஓராண்டு தேடிய கேள்விக்கு விடை இங்கேதான் கிடைத்தது.

இவற்றோடு ஒரு சிறு துண்டையும் பாருங்கள். சனகெரிப் சிறகுடைய காளைச் சிலைகளை இழுத்துவரும் காட்சித் தொடரில், நாணலுக்கு நடுவே ஒரு காட்டுப்பன்றி தன் குட்டிகளோடு நடக்கிறது. நினிவே அருகே தான் ஒரு சதுப்பு நிலத்தை உண்டாக்கி, நாணல் நட்டு, நாரைகளையும் பன்றிகளையும் விட்டதாகவும் அவை அங்கே இனம் பெருக்கியதாகவும் சனகெரிப் கல்வெட்டில் சொல்கிறான். இரண்டையும் பொருத்திப் பார்க்கலாம். இரண்டும் ஒரே இடம் என்று முடிவுகட்டக் கூடாது.

5. பயணம்: விசா, பணம், நேரம்

மேலே படிக்கச் சொன்ன நான்கு பலகைகளும் பன்றித் துண்டும் லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன. அருங்காட்சியகத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை, முன்பதிவும் இலவசம். செலவு முழுவதும் விசா, விமானம், தங்குமிடம் ஆகியவற்றில்தான்.

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் பார்வையாளர் விசா எடுக்க வேண்டும். ஆறு மாத விசாவுக்குக் கட்டணம் 2025 ஏப்ரலில் 127 பவுண்டாக நிர்ணயிக்கப்பட்டது. அடிக்கடி உயர்வதால் அரசு இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பயண நாளுக்கு முந்தைய மூன்று மாதங்களுக்குள்தான் விண்ணப்பிக்க முடியும்; அதற்கு முன்பு முடியாது. கைரேகை கொடுத்த பிறகு வழக்கமாக மூன்று வாரத்தில் முடிவு வரும். விடுமுறைக் காலத்தில் கைரேகைக்கான நேர ஒதுக்கீடே தாமதமாகலாம். எனவே பயணத்துக்கு எட்டு வாரம் முன்பே தொடங்குங்கள். தமிழில் உள்ள சான்றிதழ்களைச் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்போடுதான் இணைக்க வேண்டும். இதைக் கடைசி நாளில் நினைவுகூர்ந்து அலைபவர்கள் பலர். வங்கிக் கணக்கில் விண்ணப்பத்துக்குச் சற்று முன் பெருந்தொகை வந்திருந்தால், அது எங்கிருந்து வந்தது என்பதற்கான தாளையும் வையுங்கள்.

அருங்காட்சியகம் காலை 10 மணி முதல் மாலை 5 மணி வரை திறந்திருக்கும். வெள்ளிக்கிழமை இரவு 8.30 வரை. உங்கள் பயணத்தில் ஒரு வெள்ளிக்கிழமை கட்டாயம் இருக்கட்டும். மாலை ஐந்துக்குப் பிறகு கூட்டம் குறைந்து, சிங்க வேட்டை அறையில் தனியாக நிற்கும் வாய்ப்பு கிடைக்கும். குறைந்தது இரண்டு முழு நாட்கள் வேண்டும். சக்கரம் வைத்த பயணப்பெட்டியை உள்ளே விடமாட்டார்கள். விமான நிலையத்திலிருந்து நேரே போகாதீர்கள்.

அசீரியப் பகுதி 6 முதல் 10 வரையிலான அறைகளில் பரவியுள்ளது. பலவாத் கதவுகள் 6இல், நிம்ருத் 7, 8இல், நினிவே 9இல், சிங்க வேட்டையும் லாகீஸும் கோர்சாபாத்தும் 10இல். ஆனால் எல்லாப் பலகைகளும் எப்போதும் காட்சியில் இருக்கும் என்று நம்ப வேண்டாம். அறைகள் முன்னறிவிப்புக் குறைவாக மூடப்படுவதும் உண்டு. புறப்படும் முன் எண் வாரியாக இணையப் பக்கத்தில் இருப்பிடம் பார்த்து, மூடிய அறைகளின் அறிவிப்பையும் பாருங்கள். கோட்டோவியங்களின் மூலத்தைப் பார்க்க விரும்பினால் தனி அனுமதி வேண்டும். பல வாரம் முன்பே எழுதிக் கேளுங்கள்.

பாரிஸையும் சேர்ப்பவர்கள், லூவ்ர் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும் என்பதை மறக்க வேண்டாம். கோர்சாபாத் முற்றத்தில் சார்கோனின் மரம் கொண்டுவரும் காட்சி இருக்கிறது: கடலில் தடிமரங்களை ஏற்றிய படகுகள், அவற்றைச் சுற்றி மீன்களும் சிறகுடைய காளையும் மனிதத்தலை மீனுருவும். கடலைக் காட்டும் அசீரியப் பலகைகளில் இதற்கு இணை அரிது. பிரான்சுக்குத் தேவைப்படும் ஷெங்கன் விசாவின் செலவு இதற்குத் தகும். பெர்லினின் பெர்கமோன் அருங்காட்சியகம் புதுப்பிப்புக்காக 2023 அக்டோபரில் மூடப்பட்டது. அதைத் திட்டத்தில் சேர்க்காதீர்கள்.

வெளிநாடு போக இயலாதவர்களுக்கு மும்பையில் ஒரு வாய்ப்பு உண்டு. நிம்ருதிலிருந்து லண்டனுக்குச் சென்ற பெட்டிகள் பம்பாய் வழியாகக் கப்பலேறின. சத்ரபதி சிவாஜி மகாராஜ் அருங்காட்சியகத்தில் இன்றும் சில அசீரியப் பலகைகள் உள்ளன. நிலக்காட்சியைத் தேடி அங்கே போக வேண்டாம். ஆனால் உளி எவ்வளவு ஆழம் சென்றது, ஒளி எப்படி விழுந்தால் கோடு தெரிகிறது என்பதை முன்கூட்டியே பழகிக்கொள்ள அந்தப் பலகைகள் போதும்.

6. அறைக்குள் என்ன செய்வது

முதல் ஒரு மணி நேரம் கைப்பேசியை எடுக்காதீர்கள். புடைப்பு மிகத் தாழ்வாக இருப்பதால் நேரெதிரே நின்றால் செதிலும் நீர்க்கோடும் மங்கிவிடும். பலகையின் ஓரத்தில் நின்று சாய்வாகப் பாருங்கள். ஒளி படும் பக்கத்திலிருந்து மறுபக்கம் நகருங்கள். பிறகு பென்சிலால் நிலத்தை மட்டும் வரையுங்கள், மனிதர்களை வெறும் கட்டங்களாக விடுங்கள். இந்த ஒரு பயிற்சி என் இரண்டாம் பயணத்தைக் காப்பாற்றியது.

படம் எடுக்கும்போது ஒவ்வொரு பலகைக்கும் ஐந்து படங்கள் வேண்டும்: முழுப் பலகை, நான்கு மூலைகள். பெயரட்டையையும் எண்ணோடு சேர்த்து எடுங்கள். முக்காலிக்கு அனுமதி இல்லை. பல பலகைகளை அகழ்ந்தவர்கள் எடை குறைக்க அறுத்திருக்கிறார்கள். பக்கத்துப் பலகை வேறு நகரத்தில் இருக்கலாம். ஆகவே ஒரு ஆறு பலகையின் விளிம்பில் நின்றுபோனால், அங்கே ஆறு முடிகிறது என்று எழுதிவிடாதீர்கள். முதலில் இவற்றில் வண்ணம் தீட்டியிருந்தார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். இன்று வெறுமையாகத் தெரியும் இடம் அன்று வெறுமையாக இருந்திருக்க வேண்டியதில்லை.

7. எழுதும்போதும் படம் வெளியிடும்போதும்

ஒவ்வொரு பத்தியிலும் மூன்றைப் பிரித்து எழுதுங்கள்: கல்லில் இருப்பது, கல்வெட்டு சொல்வது, நீங்கள் ஊகிப்பது. மூன்றும் கலந்துவிட்டால், படிக்கும் ஆய்வாளர் முதல் பக்கத்திலேயே நம்பிக்கை இழப்பார்.

படங்களுக்கான உரிமையைக் கட்டுரை எழுதும் முன்பே தீர்த்துவிடுங்கள். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் இணையப் படங்கள் வணிகமல்லாத பயன்பாட்டுக்கு மட்டுமே இலவசம். சந்தா வாங்கும் ஓர் இதழுக்கு அந்தப் படங்களோடு கட்டுரை அனுப்பினேன். உரிமைச் சான்று இல்லை என்று இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தது. இதழ் விலைக்கு விற்கப்படுமானால் தனி உரிமம் பெற வேண்டும். அதற்குக் கட்டணமும் காத்திருப்பும் உண்டு. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் தன் பொதுவுடைமைப் படங்களை 2017 முதல் எந்தப் பயன்பாட்டுக்கும் இலவசமாகத் தருகிறது. அங்கே நிம்ருத் பலகைகள் நல்ல தெளிவில் கிடைக்கின்றன. லாகீஸுக்கும் தோட்ட விருந்துக்கும் அங்கே மாற்று இல்லை. அவற்றுக்கு நீங்களே பென்சிலால் வரைந்த கோட்டோவியத்தைத் துப்புரவாகத் தீட்டி, மூலப் பலகையின் எண்ணை அடியில் எழுதி அனுப்புங்கள். என் கட்டுரை இறுதியில் அப்படித்தான் அச்சானது.